முன்பணம்: ஒஹாயோவில் போட்ட 15 மில்லியன் டாலரும் கூலாய்த் தோட்டமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக்கோடி வீட்டு மாமா தன் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கடிதத்தைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்தில் பட்டறை, மளிகைக்கடை, கோயில் என்று சின்னச் சின்னக் கணக்குகள் பார்க்கிறேன். அதனால் பாரம், கடிதம் என்று எது வந்தாலும் தெருவில் உள்ளவர்கள் என்னிடம்தான் வருவார்கள். மாமா முப்பது வருடம் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்ப்பவராக, இருந்தவர். இப்போது தரவு மையம் கட்டும் ஓர் இடத்தில் இரவு ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார்.

கடிதத்தைப் படித்துச் சொன்னதும் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். டிரம்ப் மேடையில் இலோன் மஸ்க் துள்ளிக் குதிக்கும் பழைய காணொளி.

"ஏம்மா, உலகத்துலயே பெரிய பணக்காரன் இவன்தான்னு சொல்றாங்க. அரசியல்காரன்தானே இவன் வாசல்ல வந்து நிக்கணும்? இவன் எதுக்குப் போயி அவன் பின்னாடி நிக்கிறான்? அதுவும் பாதி ஊருக்குப் பிடிக்காத ஆளு."

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் 'காசுக் கொழுப்பு' என்பது. எனக்கு அதில் திருப்தி இல்லை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் தப்பினாலும் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள். இத்தனை மில்லியனைக் கொழுப்பில் எறிய மாட்டார்கள். அமெரிக்காவில் தேர்தலுக்கு யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கில் பெரும்பகுதி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. ஆகவே மாமாவின் கேள்வியை ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மஸ்க் கதை பெரிது, சத்தமும் அதிகம். ஆனால் விஷயம் விளங்க வேண்டுமானால் அதற்கு முந்திய, அதைவிடச் சிறிய கணக்கு ஒன்றைப் பிரிக்க வேண்டும்.

ஒஹாயோ, 2021 – 2022

பணம் போட்டவர் பீட்டர் தீல். பேபால் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2003-ல் பாலன்டியர் என்ற தரவு ஆய்வு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார்; அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் அமெரிக்க உளவுத்துறையும் ராணுவமும் உண்டு. 2004-ல் பேஸ்புக்கில் வெளியாள் என்ற முறையில் முதலில் பணம் போட்டவரும் இவர்தான். போட்டது 5 லட்சம் டாலர். பங்குகளில் பெரும்பகுதியை 2012-ல் விற்றபோது கைக்கு வந்தது ஒரு பில்லியனுக்கு மேல்.

பணம் பெற்றவர் ஜே.டி. வான்ஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நொடித்துப்போன ஓர் இரும்பாலை ஊரில் வளர்ந்தவர். மரைன் படையில் இருந்துவிட்டு யேல் சட்டக் கல்லூரிக்குப் போனார். அங்கே 2011-ல் தீல் ஆற்றிய உரையைக் கேட்டதிலிருந்து பழக்கம் தொடங்குகிறது. பிறகு தீலுடைய மித்ரில் முதலீட்டு நிறுவனத்தில் வேலை. அதற்கும் பிறகு வான்ஸ் சொந்தமாக நார்யா என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது அதிலும் தீலின் பணம் இருந்தது. ஆக, 2021-ல் கொடுத்தது முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்த நன்கொடை இல்லை. பத்து வருட உறவின் அடுத்த தவணை.

இனித் தேதிகள். 2021 ஜனவரியில் ஒஹாயோவின் செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ராப் போர்ட்மன் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவிக்கிறார். பிப்ரவரியில் தீல், வான்ஸை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போய் டிரம்பிடம் அறிமுகப்படுத்துகிறார். இந்தச் சந்திப்பு அவசியமாக இருந்தது. 2016-ல் வான்ஸ் டிரம்பை வெளிப்படையாகக் கடுமையாகத் திட்டியவர். மார்ச்சில், வான்ஸுக்கு ஆதரவாக அமைந்த ஒரு 'சூப்பர் பேக்' குழுவுக்குத் தீல் 10 மில்லியன் டாலர் கொடுக்கிறார். ஜூலை 1 அன்று வான்ஸ் தன் சொந்த ஊரில் வேட்பாளராக அறிவித்துக்கொள்கிறார்.

சூப்பர் பேக் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி ஒரு தனி ஆள் அந்த வருடத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க முடிந்தது ஒரு தேர்தலுக்கு 2,900 டாலர்தான். ஆனால் 2010-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழிக்கும் குழுவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. 'கலந்து பேசாமல்' என்பதுதான் ஒரே வேலி. ஒஹாயோவில் அந்த வேலியை எப்படித் தாண்டினார்கள் தெரியுமா? குழு தன் கருத்துக்கணிப்பு, ஆய்வுக் குறிப்பு எல்லாவற்றையும் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இணையப் பக்கத்தில் போட்டு வைத்தது. பொதுவெளியில் இருப்பதை யாரும் படிக்கலாம் அல்லவா, வான்ஸின் ஆட்களும் படிக்கலாம். சட்டம் மீறப்படவில்லை, செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயில் கணக்கில் இப்படி ஒரு வேலையை யாராவது செய்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பணம் வந்த பிறகும் வான்ஸ் பின்தங்கியேதான் இருந்தார். குடியரசுக் கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஜோஷ் மாண்டல் உட்படப் பலர் போட்டியிட்டார்கள். வான்ஸின் பழைய பேச்சுகளை விளம்பரமாகப் போட்டு எதிரணி அடித்தது. தீலின் பணம் இல்லையென்றால் வான்ஸ் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். 2022 ஏப்ரல் 15 அன்று டிரம்ப் ஆதரவு அறிவித்தார். தீல் மேலும் பணம் கொடுத்தார். மொத்தம் 15 மில்லியன். மே 3 அன்று வான்ஸ் ஏறத்தாழ 32 விழுக்காட்டு வாக்கோடு முதலிடம் பிடித்தார். மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, ஆனால் பலர் நின்ற போட்டியில் அதுவே போதுமானதாக இருந்தது.

கணக்கில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்த வரி. நவம்பர் பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டிம் ரயன் நன்றாகப் போராடினார். அப்போது வான்ஸைக் காப்பாற்றியது செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிச் மெக்கானலுக்கு வேண்டிய குழு. அது செலவழித்தது 30 மில்லியன் டாலருக்கு மேல், அதாவது தீல் போட்டதைப்போல் இரண்டு மடங்கு. வான்ஸ் ஜெயித்தார். ஆனால் யாருடைய ஆள் என்று இன்றைக்கும் அவரைச் சொல்கிறார்கள்? மெக்கானலுடைய ஆள் என்று யாரும் சொல்வதில்லை, தீலுடைய ஆள் என்றுதான் சொல்கிறார்கள்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. "முன்பணம்மா அது. சம்பளம் வாங்குனவன் மறந்துடுவான். ஊர்ல ஒருத்தனும் நம்பாதப்ப முன்பணம் குடுத்தவன மறக்க முடியுமா?" என்றார். அவருடைய தாத்தா கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்தவர். எங்கள் குடும்பத்திலும் அதே கதைதான். அந்தச் சொல்லின் எடை எங்களுக்குத் தெரியும்.

சர்ச்சை ஏன் தடையாக இல்லை

சர்ச்சைக்குரிய வேட்பாளர் என்றால் பணக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்று நினைக்கிறோம். வங்கி, காப்புறுதி போன்ற பழைய தொழில்களின் முதலாளிகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பார்கள். புதுத் தொழில்களில் பணம் போடுகிறவர்களின் பழக்கம் வேறு. பத்து நிறுவனத்தில் போட்டால் ஆறேழு மண்ணோடு போகும், ஒன்றிரண்டு போட்ட காசைத் திருப்பும், ஏதோ ஒன்று மட்டும் மற்ற எல்லா நட்டத்தையும் அடைத்து மலைபோல் லாபம் தரும். அந்த ஒன்று ஆரம்பத்தில் எல்லாரும் முகம் சுளித்த ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் பிடித்திருந்தால் அதன் விலை முன்பே ஏறியிருக்கும்.

இந்தப் புத்தியை அப்படியே தேர்தலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எல்லாரும் மதிக்கும் வேட்பாளருக்கு நன்கொடை வரிசையில் நிற்கும். அங்கே 15 மில்லியன் போட்டாலும் ஆயிரத்தில் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எல்லாரும் ஒதுக்கும் வேட்பாளரிடம் அதே பணம் உயிர் கொடுக்கும். தீல் 2016 அக்டோபரில் டிரம்புக்கு 1.25 மில்லியன் டாலர் கொடுத்தார். பெண்களைப் பற்றி டிரம்ப் இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்து, சொந்தக் கட்சித் தலைவர்களே விலகிக்கொண்டிருந்த மாதம் அது. ஒரு பில்லியனரின் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. ஆனால் தேர்தல் முடிந்ததும் ஆட்சி மாற்றக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. தொகை சின்னது, கொடுத்த நேரம் அப்படி.

நட்டக் கணக்கும் இதே புத்தகத்தில் இருக்கிறது. அதே 2022-ல் தீல் அரிஸோனாவில் பிளேக் மாஸ்டர்ஸ் என்ற தன் முன்னாள் ஊழியருக்கும் ஏறத்தாழ அதே அளவு பணம் போட்டார். மாஸ்டர்ஸ், ஜனநாயகக் கட்சியின் மார்க் கெல்லியிடம் தோற்றுப்போனார். இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 30 மில்லியன். ஒன்று அடிபட்டது, ஒன்று துணை அதிபர் பதவிவரை போனது: 2024 ஜூலை 15 அன்று டிரம்ப் வான்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். அந்தத் தேர்தலுக்குத் தீல் பணம் போடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். போட வேண்டிய தேவையும் அப்போது இல்லை.

பணத்தோடு நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் லாபம் என்று எழுதுவது நேர்மையாகாது. சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை தனக்கு இனி இல்லை என்று தீல் 2009-லேயே ஒரு கட்டுரையில் எழுதியவர். அப்போது அவர் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது. வாக்காளர்களும் அதிகாரிகளும் புதுத் தொழில்நுட்பத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இவர்கள். நிலவும் அமைப்பை உடைக்கிறேன் என்று ஒருவர் மேடையில் சொன்னால், நமக்கு அது மிரட்டலாகக் கேட்கிறது. தொழிலில் உடைத்தே முன்னேறிய இவர்களுக்கு அது பழகிய பாஷை. எனக்கு அச்சம் தருவதும் இந்தப் பகுதிதான். லாபத்துக்காக மட்டும் வந்தவர் லாபம் குறைந்தால் போய்விடுவார். நம்பிக்கையோடு வந்தவர் போக மாட்டார்.

விதிகளின் விலை

2024-ல் இன்னும் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். அதற்குமுன் ஜனநாயகக் கட்சிக்குக் கொடுத்துவந்த தொழில்நுட்ப முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசனும் அவருடைய கூட்டாளி பென் ஹோரோவிட்ஸும் ஜூலையில் டிரம்பை ஆதரிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார்கள். காரணங்களையும் மறைக்காமல் சொன்னார்கள். ஒன்று, கணினியில் மட்டும் புழங்கும் கிரிப்டோ நாணயத் தொழிலை அப்போதைய அதிபர் பைடனின் அரசு நெருக்குகிறது. இரண்டு, செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்க்கிறது. மூன்று, வரி.

வரி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 100 மில்லியன் டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்கு, இன்னும் விற்காத பங்குகளின் மதிப்பு ஏற்றத்தையும் வருமானமாகச் சேர்த்துக் குறைந்தது 25 விழுக்காடு வரி என்பது பைடனின் யோசனை. சம்பளக்காரருக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் இவர்களுடைய செல்வம் முழுக்க விற்காத பங்குகளில்தான் இருக்கிறது. அந்த யோசனை சட்டமானால் போகக்கூடியது பில்லியன் கணக்கில். அதைத் தடுக்கச் சில மில்லியன் கொடுப்பது, வெள்ளம் வருமுன் கால்வாய் வெட்டுவதுபோன்ற செலவு. இதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை.

கிரிப்டோ கணக்கு இன்னும் நேரடியானது. காயின்பேஸ், ரிப்பிள் என்ற கிரிப்டோ நிறுவனங்களும் ஆண்ட்ரீசனின் நிறுவனமும் சேர்ந்து பணம் போட்ட ஃபேர்ஷேக் என்ற குழு, செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஷெரட் பிரௌனைத் தோற்கடிக்க ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் செலவழித்தது. இதுவும் ஒஹாயோதான். அந்த விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே கிடையாது. வேலை, விலைவாசி என்று வாக்காளருக்குப் பழகிய பேச்சுதான். பிரௌன் தோற்றார், பெர்னி மொரேனோ வந்தார். 2025 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் காயின்பேஸ் மீதான வழக்கைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் டாலரோடு மதிப்பு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயங்களுக்கான சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். 2021-ல் பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை மோசடி என்று சொன்னவரும் அதே டிரம்ப்தான்.

தோற்றது ஒரு பிரௌன். அதைப் பார்த்துப் பேசாமல் இருந்த செனட்டர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் வராது. என் பார்வையில் அந்த 40 மில்லியனின் பெரிய விளைச்சல் அந்த மௌனம்.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய நோய் இல்லை. லிங்க்ட்இன் தொடங்கிய ரீட் ஹாஃப்மன் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும் பணம் கொடுக்கிறவர். இப்போது 25 ஆண்டு சிறையில் இருக்கும் கிரிப்டோ முதலாளி சாம் பேங்க்மன்-ஃபிரைட் 2022-ல் வெளிப்படையாகக் கொடுத்ததில் பெரும்பகுதியும் அந்தக் கட்சிக்குத்தான்.

கேட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர்

மாமா காட்டிய காணொளிக்கு வருவோம். 2024 ஜூலை 13 அன்று டிரம்ப் சுடப்பட்ட சிறிது நேரத்தில் மஸ்க் தன் ஆதரவை அறிவித்தார். தேர்தல் முடிவதற்குள் 270 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தார். அவருடைய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அரசின் ராக்கெட் ஒப்பந்தங்களில் பெரும் பணம் பெறுகிறது. நிலவில் இறங்கும் கலத்துக்கு மட்டும் நாசா 2021-ல் கொடுத்தது 2.9 பில்லியன். தானோட்டிக் கார் பற்றிய விதிகளும் அரசின் கையில்தான். ஆக அவருக்கும் காரணங்கள் இருந்தன.

ஆனால் அவரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்றும் இருந்தது. 2022 அக்டோபரில் 44 பில்லியன் டாலருக்கு அவர் டுவிட்டரை வாங்கியிருந்தார். இதைச் சொன்னபோது மாமா தோட்டத்துக் கேட்டைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் தோட்டம் தனியார் நிலம். தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சியின் வேன் கேட்டுக்குள் வரலாம், எது சாலையிலேயே நிற்க வேண்டும் என்பது துரையின் விருப்பம். ஒரு தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் பேசியதும், லயத்து ஆட்கள் வாசலில் உட்கார்ந்தபடி காது கொடுத்ததும், காற்று மாறி அடித்ததில் பாதிப் பேச்சு காதில் விழாமல் போனதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வேன் வாங்கிக் குடுத்தவன் ஒருத்தன். கேட்டையே வச்சிருக்கிறவன் வேற மாதிரிம்மா," என்றார். மஸ்கைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளைவிட இது எனக்குத் தெளிவாக இருந்தது.

மஸ்க் கணக்கு நினைத்தபடி போகவும் இல்லை. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் அவரும் அவருடைய குழுக்களும் 20 மில்லியனுக்கு மேல் செலவழித்தும், அவர் ஆதரித்தவர் பத்து விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். ஜூனில் டிரம்போடு பகிரங்கச் சண்டை. அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்வேன் என்று டிரம்ப் மிரட்ட, அன்று ஒரே நாளில் மஸ்கின் டெஸ்லா கார் நிறுவனப் பங்கு 14 விழுக்காடு விழுந்தது. நிறுவனத்தில் பணம் போட்டால் இயக்குநர் குழுவில் நாற்காலி கிடைக்கும். அரசியலில் போட்ட பணத்துக்கு அப்படி எழுதி வைத்த உரிமை கிடையாது. நல்ல நேரத்தில் கதவு திறக்கும், கெட்ட நேரத்தில் அதே கதவு முகத்தில் அறையும்.

கூலாய்க்கு வந்த வழி

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். மாமா இரவில் காவல் காக்கும் வட்டாரத்தைப் பாருங்கள். கூலாய் யங் தோட்டம் 664 ஹெக்டர் செம்பனை நிலம். போஸ்டட் பிளாண்டேஷன்ஸ் அதை ஒய்டிஎல் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 429 மில்லியன் வெள்ளிக்கு விற்றது. இன்றைக்குக் கூலாய் என்றால் தரவு மையம். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சில்லு நிறுவனமான என்விடியாவும் ஒய்டிஎல்லும் சேர்ந்து ஜொகூரில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பு உருவாக்கப்போவதாக அறிவித்தார்கள். திட்ட மதிப்பு 20 பில்லியன் வெள்ளி.

அந்தக் கட்டடங்களுக்கு உயிர் என்விடியாவின் சில்லு. சில்லு எந்த நாட்டுக்கு எத்தனை போகலாம் என்பதை வாஷிங்டன் முடிவு செய்கிறது. 2025 ஜனவரியில், பதவி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பைடன் அரசு ஒரு விதி போட்டது. 18 நட்பு நாடுகளுக்குத் தடையில்லை. மலேசியா போன்ற நாடுகளுக்கு உச்சவரம்பு. மே 15 அன்று நடைமுறைக்கு வர வேண்டியது. இரண்டு நாளைக்கு முன், மே 13 அன்று, டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த விதியை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் டேவிட் சாக்ஸ் முக்கியமானவர். இவரும் தீலைப்போல் பேபாலிலிருந்து வந்து முதலீட்டாளரானவர். 2024 ஜூனில் தன் சான் ஃபிரான்சிஸ்கோ வீட்டில் டிரம்புக்கு நிதி திரட்டும் விருந்து வைத்தவர். வான்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக்கச் சொன்னவர்களில் ஒருவர். டிசம்பரில் டிரம்ப் இவரைச் செயற்கை நுண்ணறிவு, கிரிப்டோ விவகாரங்களுக்கு வெள்ளை மாளிகைப் பொறுப்பாளராக நியமித்தார்.

விருந்துக்கும் விதிக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது, போடவும் கூடாது. என்விடியாவே அந்த விதியை எதிர்த்தது. பல நாடுகளுக்கும் அதில் வருத்தம். விதி போனதில் கூலாய்க்கு லாபம் என்றே பலர் சொல்வார்கள். கட்டுமான வேலை தொடர்கிறது, மாமாவுக்குச் சம்பளம் வருகிறது. எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் ஊர் நிலத்தில் என்ன எழும், எங்கள் தண்ணீரும் மின்சாரமும் எதற்குப் போகும் என்பதில் ஒரு பகுதியை, நாங்கள் வாக்களிக்க முடியாத ஒரு நாட்டில், ஒரு சிலர் கொடுத்த பணத்தால் உள்ளே போனவர்கள் முடிவு செய்கிறார்கள். லண்டனில் இருந்த கம்பெனி போர்டு ரப்பர் விலையைப் பார்த்துத் தோட்டத்தில் ஆள் குறைத்த காலத்தை எங்கள் பெரியவர்கள் பார்த்தவர்கள். இப்போது அந்தத் தூரம் இன்னும் நீண்டிருக்கிறது.

என் தாத்தாவின் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ரசீதுகள் இருந்தன. தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற காலத்தில், 1960-ல் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம். மாதம் பத்து வெள்ளி. பால் மரம் சீவிய கை கொடுத்த பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. அதுவும் முதலீடுதான், அதிலும் அரசியல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ரசீதிலும் ஒரு பெயர் இருந்தது, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் இருந்தது.

நம் புத்தகம்

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தீல் எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார் என்று கூலாயில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடிகிறது. எங்கள் தொகுதியில் நின்ற கட்சிகளுக்கு யார் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் வெள்ளி, சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் வெள்ளி செலவழிக்கலாம் என்கிறது. வேட்பாளருக்குத்தான் அந்த வரம்பு, கட்சிக்கு இல்லை. கட்சிகள் நன்கொடையாளர் பெயரை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் வரவில்லை. அரசியல் நிதிச் சட்டம் கொண்டுவருவோம் என்ற பேச்சு பல அரசுகளாக நடக்கிறது.

2015-ல் அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 2.6 பில்லியன் வெள்ளி போனது வெளிவந்தபோது, அது நன்கொடை என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொல்ல முடிந்ததே, நன்கொடை என்றால் என்ன, யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று எழுதி வைத்த சட்டம் இல்லாததால்தான்.

அமெரிக்க முறையை நான் புகழவில்லை. கணக்கு வெளியே தெரிந்தும் தீலை யாரும் தடுக்கவில்லை. பெயர் மறைத்துக் கொடுக்க அங்கேயும் வழிகள் உண்டு. தெரிவது மட்டும் போதாது, உச்சவரம்பும் வேண்டும். ஆனால் தெரியாவிட்டால் வரம்பை வைத்து என்ன செய்வது? தரவு மையம், நிலம், தண்ணீர், மின்சாரம் என்று ஜொகூரில் இன்று ஒவ்வொரு அனுமதிக்கும் பின்னால் பெரும் பணம் இருக்கிறது. அந்தப் பணம் தேர்தல் நேரத்தில் வீட்டில் சும்மா தூங்கும் என்று நம்ப எனக்கு முடியவில்லை. கட்சிக் கணக்கைத் தணிக்கை செய்து, ஒரு தொகைக்கு மேல் கொடுத்தவர் பெயரை வாக்களிப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். தேர்தல் முடிந்து வரும் கணக்கு எங்களுக்கு உதவாது. எங்கள் கோயிலில் திருவிழா உபயக்காரர் பட்டியலை விழா தொடங்கும்முன்பே பலகையில் எழுதிப் போடுகிறோம். நூறு வெள்ளி கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கும்.

இதையெல்லாம் தேதி வாரியாக ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மாமாவிடம் கொடுத்தேன், இரவில் படிக்கட்டும் என்று. திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வரும்போது வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். விரித்து, 'மார்ச்' என்ற வரியில் விரலை வைத்து, அப்படியே கீழே இறக்கி 'ஜூலை 1' என்ற வரியில் நிறுத்தினார்.

"ஏம்மா, பத்து மில்லியன் குடுத்தப்ப அந்தப் பையன் தேர்தல்ல நிக்கிறேன்னே சொல்லலியே?"

"இல்ல மாமா. நாலு மாசம் கழிச்சுத்தான் சொன்னாரு."